6.64 லட்சம் கோடி வந்தது என்கிறார்கள். என் பிள்ளைக்கு வேலை எங்கே?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் சுங்குவார்சத்திரத்தைத் தாண்டும்போது ஷிப்ட் மாறும் நேரமாக அமைந்துவிட்டால், அவசரப்பட்டுப் பயனில்லை. கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறவர்கள் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பெண்கள். “எவ்வளவு பேருக்கு வேலை கிடைச்சிருக்கு பாருங்க” என்பார் நம் பக்கத்து இருக்கைக்காரர். “எத்தனை வருஷத்துக்கு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். இரண்டுமே நியாயமான பேச்சுதான். வெளிநாட்டு முதலீடு, புதுத் தொழில்நுட்பம், வேலை ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. அடிக்கடி காதில் விழும் சில சந்தேகங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலீட்டாளர் மாநாடு நடத்தி லட்சம் கோடி வந்தது என்கிறார்கள். எங்கள் ஊர்ப் பையன் இன்னும் சும்மாதான் இருக்கிறான். அந்தப் பணம் எங்கே?

அந்தப் பணம் இன்னும் வரவில்லை என்பதுதான் நேரான பதில். மாநாட்டு மேடையில் கைமாறுவது புரிந்துணர்வு ஒப்பந்தம். கல்யாணப் பேச்சில் தட்டு மாற்றிக்கொள்வதோடுகூட அதை ஒப்பிட முடியாது. பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியதற்குச் சமம். அதன் பிறகு சலுகைகளுக்கான அரசாணை வர வேண்டும், சிப்காட் தொழிற்பூங்காவில் நிலம் ஒதுக்க வேண்டும், சுற்றுச்சூழல் அனுமதி, அடிக்கல், கட்டடம், எந்திரம் எல்லாம் வர வேண்டும். கடைசியில்தான் ஆள் எடுப்பு. எல்லாம் தடையின்றி நடந்தாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிவிடும். நடுவில் உலகச் சந்தை சரிந்தால் கோப்பு அப்படியே தூங்கும்.

இது எந்த ஒரு கட்சியின் பழக்கமும் அல்ல. 2015 மாநாட்டில் 2.42 லட்சம் கோடி ரூபாய், 2019இல் 3 லட்சம் கோடி ரூபாய், 2024 ஜனவரியில் 6.64 லட்சம் கோடி ரூபாய் என்று ஆட்சிகள் மாறினாலும் தொகை ஏறிக்கொண்டேதான் வந்தது. 2024 மாநாட்டில் மட்டும் 631 ஒப்பந்தங்கள். நேரடியாகவும் மறைமுகமாகவும் 26.90 லட்சம் பேருக்கு வேலை என்று அறிவிக்கப்பட்டது. இதில் நேரடி வேலை ஏறத்தாழ 14.5 லட்சம்தான். மீதி மறைமுக வேலை. அதாவது டீக்கடை, வாடகை வீடு, லாரி, கேட்டரிங் என்று எதையெல்லாம் சேர்க்கலாமோ அதெல்லாம். மறைமுக வேலை பொய்யில்லை. ஆனால் அதை எண்ணிக் காட்டச் சொன்னால் யாராலும் முடியாது.

2025 அக்டோபரில் நடந்த ஒரு கூத்து நினைவிருக்கலாம். ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் 15,000 கோடி ரூபாய் முதலீடு செய்யும், 14,000 பேருக்கு வேலை என்று, நிறுவனப் பிரதிநிதியுடன் நடந்த ஒரு சந்திப்புக்குப் பிறகு தமிழக அரசு அறிவித்தது. அந்தச் சந்திப்பில் புதிய முதலீடு பற்றிப் பேசவே இல்லை என்று நிறுவனம் சொன்னது. ஏற்கெனவே பேசி முடித்தவற்றைத்தான் சொன்னோம் என்றது அரசு. இரு தரப்பும் தங்கள் தங்கள் அகராதிப்படி சரியாகவே பேசியிருக்கலாம். “முதலீடு” என்ற சொல் அந்த அளவுக்கு நெகிழ்வானது.

சரி, ஒப்புக்கொண்டபடி பணம் வந்துவிட்டால்? பெரிய முதலீடு என்றால் நிறைய வேலை என்றுதானே அர்த்தம்?

இல்லை. பலரும் இடறும் இடம் இதுதான். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்துக்குப் போய்வந்தால் தெளிவாகிவிடும். அங்கே ஒரே சிப்காட் பூங்காவில், 2024இல் சில மாத இடைவெளியில் இரண்டு ஆலைகளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஒன்று டாடா மோட்டார்ஸின் ஜாகுவார் லேண்ட் ரோவர் கார் ஆலை. அறிவித்த முதலீடு 9,000 கோடி ரூபாய், வேலை 5,000 பேருக்கு. இன்னொன்று தைவானின் ஹாங் பூ நிறுவனத்தின் காலணி ஆலை. முதலீடு 1,500 கோடி ரூபாய், வேலை 25,000 பேருக்கு.

வகுத்துப் பாருங்கள். கார் ஆலையில் ஒரு வேலைக்கு 1.80 கோடி ரூபாய் போட வேண்டியிருக்கிறது. ஷூ ஆலையில் 6 லட்சம் ரூபாய் போதும். முப்பது மடங்கு வித்தியாசம்! பத்திரிகையின் முதல் பக்கத்தைப் பிடித்தது எது என்று சொல்ல வேண்டியதில்லை. (டாடா இந்திய நிறுவனம், ஜாகுவார் லேண்ட் ரோவர் பிரிட்டனில் இயங்கும் அதன் துணை நிறுவனம். இது வெளிநாட்டு முதலீடா, உள்நாட்டு முதலீடா என்று பட்டிமன்றமே வைக்கலாம்.)

இதைச் சொல்வதால் கார் வேண்டாம், ஷூ போதும் என்று ஆகிவிடாது. கார் ஆலை உதிரிபாகத் தொழிலை இழுத்து வரும், சம்பளமும் கூடுதல். காலணி ஆலை, பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டாத கிராமத்துப் பெண்ணுக்கு வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் வேலை தரும். செய்யாறில் நைக்கி காலணி தைக்கும் தைவான் ஆலையால் சுற்றுவட்டாரக் கிராமங்களின் குடும்பக் கணக்கே மாறிப்போனதை அங்குள்ளவர்களிடம் கேட்கலாம். இந்த வரிசையில் கடைசியில் நிற்பது தரவு மையம். ஆயிரக்கணக்கான கோடி போட்டு, மலையளவு மின்சாரமும் தண்ணீரும் இழுத்து ஓடும் அந்தக் கட்டடத்தில், கட்டி முடித்த பிறகு காவலர், எலெக்ட்ரீஷியன், குளிர்சாதன மெக்கானிக், கொஞ்சம் பொறியாளர்கள் என்று சில நூறு பேருக்குத்தான் இடம். டிஜிட்டல் பொருளாதாரத்துக்கு அது தேவைதான். அதை வேலைவாய்ப்புக் கணக்கில் எழுதிக்கொள்வதுதான் தவறு.

நோக்கியா மாதிரி எல்லாரும் ஒருநாள் மூடிவிட்டுப் போய்விட மாட்டார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள், அல்லது அவர்களின் சொந்தக்காரர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

நோக்கியா 2005இல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியது. அந்த வேகம் அப்போது அதிசயம். உச்ச காலத்தில் ஆலைக்குள் மட்டும் 8,000 பேர் வேலை செய்தார்கள். சுற்றிலும் அதே வளாகத்தில் பாகங்கள் செய்து தரும் நிறுவனங்கள், அவற்றில் பல ஆயிரம் பேர். உலகிலேயே பெரிய கைபேசி ஆலைகளில் ஒன்று என்ற பெயர். அடிப்படை மாடல் போன்கள் இங்கிருந்து ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா வரை போயின.

பிறகு மூன்று அடிகள், அடுத்தடுத்து விழுந்தன. முதலாவது தொழில்நுட்பம். ஐபோனும் ஆண்ட்ராய்டும் வந்த பிறகு பட்டன் போனின் காலம் முடிந்தது. ஸ்ரீபெரும்புதூர்த் தொழிலாளி எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும், பின்லாந்தில் எடுத்த தவறான முடிவை அவரால் சரிசெய்ய முடியாது. இரண்டாவது வரி. தாய் நிறுவனத்துக்கு மென்பொருளுக்காகக் கொடுத்த பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று 2013இல் வருமான வரித் துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. ஏற்றுமதிக்கு என்று சொன்ன போன்களை உள்நாட்டில் விற்றதாகக் கூறி மாநில அரசு 2,400 கோடி ரூபாய் கேட்டது. மூன்றாவது கைமாற்றம். நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியது. 2014 ஏப்ரலில் அது முடிந்தபோது, வரி வழக்கில் சொத்து முடங்கிக் கிடந்ததால் சென்னை ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. பெற்றோர் வீடு மாறிப் போக, பிள்ளை மட்டும் பழைய வீட்டில் நின்ற கதை. பல ஆயிரம் பேர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. 2014 நவம்பர் 1ஆம் தேதி ஆலை நின்றது. நோக்கியாவை நம்பி அருகிலேயே இருந்த பாக்ஸ்கான் ஆலையும் அந்த ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் கேள்விக்குப் பதில் “ஆம், போய்விடுவார்கள்” என்பதாக இருந்திருக்கும். ஆனால் அதே பாக்ஸ்கான்தான் மீண்டும் திறந்து, 2019இல் ஐபோன் தயாரிக்கத் தொடங்கியது. இன்று அந்த ஆலையில் சுமார் 40,000 பேர். நோக்கியாவின் காலி ஆலையை சால்காம்ப் வாங்கி சார்ஜர் செய்கிறது. திரும்பி வரக் காரணம் பாசம் அல்ல. அமெரிக்க–சீன வர்த்தகச் சண்டை அவர்களைச் சீனாவிலிருந்து தள்ளியது. இங்கே இழுத்தது, லைனில் நின்று பழகிய கை, மேற்பார்வையாளர்கள், துறைமுகம், விமான நிலையம், மின்சாரம், எந்த அலுவலகத்தில் எந்தத் தாளை நீட்ட வேண்டும் என்று அறிந்த மேலாளர்கள். ஆலை போனாலும் ஊர் எல்லாவற்றையும் மறந்துவிடுவதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2014இல் வேலை இழந்தவர்களுக்கு 2019இல் அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. புதிய ஆலை கேட்டது புதிய இருபது வயதுக்காரர்களை. மாநிலத்தின் கணக்கில் நட்டம் ஈடாகிவிட்டது. அந்த ஐந்தாண்டில் ஆட்டோ ஓட்டப் போனவர், கல்யாணமாகி வீட்டோடு நின்றுவிட்டவர் ஆகியோரின் கணக்கு ஈடாகவில்லை.

மறைமலைநகர் போர்டு கார் ஆலையின் கதையும் கிட்டத்தட்ட இதே தடத்தில்தான் போகிறது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022இல் சென்னை ஆலையை நிறுத்தினார்கள். 2024இல் ஏற்றுமதிக்காகத் திரும்பி வருவதாக விருப்பக் கடிதம் கொடுத்தார்கள்.

ஒரு ஐபோன் லட்ச ரூபாய்க்கு விற்கிறது. இங்கே பூட்டுகிற நமக்கு அதில் என்ன மிஞ்சுகிறது?

ஆரம்பத்தில் மிகக் கொஞ்சம். சீனாவின் அனுபவமே சாட்சி. ஐபோன் 3ஜி காலத்தில் ஒரு போனின் தயாரிப்புச் செலவு ஏறத்தாழ 179 டாலர். அதில் சீனாவுக்குக் கிடைத்த கூலிப் பங்கு 6.50 டாலர் என்று ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆய்வுப் பிரிவு 2010இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நூறு ரூபாயில் நான்கு ரூபாய்கூட இல்லை. ஆனால் சீனா அங்கேயே நிற்கவில்லை. கேமரா தொகுதி, பேட்டரி, உறை, சர்க்யூட் அட்டை என்று ஒவ்வொன்றாகக் கைப்பற்றியது. ஐபோன் எக்ஸ் வந்தபோது தயாரிப்புச் செலவில் சீனாவின் பங்கு கால்வாசிக்கு ஏறியிருந்தது.

இந்தியா இப்போது அந்த ஏணியின் முதல் படிகளில் இருக்கிறது. 2024-25இல் தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 14.65 பில்லியன் டாலர். நாட்டின் மின்னணு ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு. மார்தட்டிக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் அது ஏற்றுமதியான போனின் மொத்த விலை. அதில் பெரும் பகுதி இறக்குமதியான பாகங்களுக்குப் போய்விடும். ஓட்டல் கல்லாவில் சேர்ந்த பணம் அத்தனையும் ஓட்டல்காரருடையது என்று நினைப்பது போன்றதுதான் இது. அரிசிக்காரருக்கும் மளிகைக்காரருக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதுதான் அவருடையது.

பாகங்களையும் இங்கேயே செய்ய வைக்கத்தான் மத்திய அரசு 2025இல் 22,919 கோடி ரூபாயில் உதிரிபாகத் திட்டம் கொண்டுவந்தது. தமிழக அரசும் அதற்கு இணையாக ஒன்றை அறிவித்தது. இதற்கு வேறொரு முட்டுக்கட்டை இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல், நிலஎல்லை பகிரும் நாடுகளிலிருந்து முதலீடு வர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். சீனாவை மனதில் வைத்துப் போட்ட விதி. பாகங்கள் செய்யத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள். 2025 ஜூலையில், இங்குள்ள ஆலைகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்களை பாக்ஸ்கான் திருப்பி அழைத்துக்கொண்டதாகச் செய்தி வந்தபோது, நமக்கு இன்னும் எந்த வேலை பழகவில்லை என்பது வெட்டவெளிச்சமானது. போனைப் பூட்ட நம்மிடம் ஆள் உண்டு. பூட்டுகிற லைனை அமைக்கத்தான் ஆள் குறைவு.

பணக்காரக் கம்பெனிக்கு அரசு ஏன் சலுகை தர வேண்டும்? வரியாவது கிடைக்கிறதா?

மாநில அரசுக்குக் கிடைக்கும் வரி, பலர் நினைப்பதைவிடக் குறைவு. ஜிஎஸ்டி பொருள் செய்த மாநிலத்துக்குப் போகாது, வாங்கிப் பயன்படுத்தும் மாநிலத்துக்குப் போகும். இருங்காட்டுக்கோட்டையில் செய்த காரை லக்னோக்காரர் வாங்கினால் மாநிலப் பங்கு உத்தரப் பிரதேசத்துக்கு. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியானால் யாருக்கும் இல்லை. 2017க்கு முன்பு மத்திய விற்பனை வரி என்று ஏதோ கொஞ்சம் தயாரித்த மாநிலத்துக்கும் வந்தது, அதுவும் போயிற்று.

பிறகு எதற்கு நிலமும் மானியமும் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள்? வேலைக்காகத்தான். சம்பளம் வாங்குகிறவர் செலவு செய்வார், வீடு கட்டுவார், பத்திரம் பதிவார். அதில் வரி வரும். ஆகவே மாநிலம் கொடுக்கும் சலுகைக்கு ஒரே நியாயம், அது வாங்கித் தரும் வேலைதான். எத்தனை வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை ஆண்டு என்று அந்த அரசாணைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிப் படிக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அப்படிப் படிக்கிற வழக்கத்தை நாம் வளர்த்துக்கொள்ளவில்லை. 2024இல் தமிழக அரசு, பன்னாட்டு நிறுவனங்களின் திறன் மையங்கள் மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளத்தில் ஆள் எடுத்தால் முதல் ஆண்டு 30 சதவீதம், அடுத்து 20, பிறகு 10 என்று சம்பள மானியம் தருவதாக அறிவித்தது. லட்சம் சம்பாதிக்கிறவரின் சம்பளத்தில் அரசு பங்கு போடுவது சரியா? பெங்களூருவுக்கும் ஹைதராபாத்துக்கும் போகிற மையங்களைச் சென்னைக்குத் திருப்ப வேறு வழியில்லை என்பது அரசு தரப்பு வாதம். மாநிலங்களுக்குள் நடக்கும் இந்த ஏலத்தில் கடைசியில் லாபம் யாருக்கு என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

வந்த பணத்தைவிட வெளியே போகும் பணம்தான் அதிகம் என்கிறார்களே?

பாதி உண்மை. 2024-25இல் இந்தியாவுக்குள் வந்த மொத்த அந்நிய நேரடி முதலீடு சுமார் 81 பில்லியன் டாலர். ரிசர்வ் வங்கி 2025 மே மாதம் வெளியிட்ட கணக்கில், வெளியே போனதையெல்லாம் கழித்தால் மிஞ்சியது அரை பில்லியன்கூட இல்லை. கேட்டதும் தூக்கிவாரிப் போடும்.

வெளியே போனது இரண்டு வழியில். ஒன்று, இந்திய நிறுவனங்கள் வெளிநாட்டில் செய்த முதலீடு. இன்னொன்று, முன்பு வந்த வெளிநாட்டவர் தங்கள் பங்கை விற்று எடுத்துச் சென்றது. இரண்டாவதற்கு நம்மூர் உதாரணமே இருக்கிறது. 2024 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா 27,870 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அதுவரை நாட்டின் மிகப் பெரிய வெளியீடு. அதில் ஒரு ரூபாய்கூட இருங்காட்டுக்கோட்டை ஆலைக்குள் வரவில்லை. தாய் நிறுவனம் தன்னிடமிருந்த பங்கில் 17.5 சதவீதத்தை விற்றது. பணம் கொரியா போனது. விதிமீறல் எதுவும் இல்லை. 1990களில் போட்ட முதலுக்கு அறுவடை எடுத்தார்கள், அவ்வளவுதான். ஆலை இங்கேயே இருக்கிறது, கார் வந்துகொண்டிருக்கிறது, வேலையும் இருக்கிறது.

ஆகவே பணம் வெளியேறியதாலேயே வேலை போய்விடவில்லை. அதே நியாயத்தில், பணம் உள்ளே வந்தாலே வேலை வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ஒரு வெளிநாட்டு நிதியம் ஓடிக்கொண்டிருக்கும் மருத்துவமனையின் பங்கை வாங்கினால் அதுவும் அந்நிய முதலீட்டுப் பட்டியலில்தான் ஏறும். பெயர்ப்பலகை மாறும், நர்ஸ் எண்ணிக்கை மாறாது.

வேலை கிடைத்தாலும் எல்லாம் காண்ட்ராக்ட்தானே? பெண்களை மட்டும் ஏன் எடுக்கிறார்கள்?

இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் ஒப்பந்தத் தொழிலாளர் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இதில் உள்நாட்டுக் கம்பெனி, வெளிநாட்டுக் கம்பெனி என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. ஆர்டர் ஏறும் மாதம் ஆளைக் கூட்டவும், இறங்கும் மாதம் குறைக்கவும் அவர்களுக்கு அது வசதி. செப்டம்பரில் புது மாடல் வெளியாகும் தொழிலில் கூட்டமும் குறைவும் ஆண்டுதோறும் உண்டு.

இந்தியாவில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய எண். பள்ளிப் படிப்பு, பஸ் வசதி, ஊரைவிட்டுப் போய் வேலை பார்க்க அனுமதிக்கும் குடும்பங்கள் என்று பல ஆண்டு உழைப்பு அதன் பின்னே இருக்கிறது. கம்பெனிகளின் பார்வை வேறு: விரல் நுணுக்கம், சொன்னதைக் கேட்பார்கள், சங்கம் வைக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஒரு இரவில் உடைந்தது. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. சில வாரம் உற்பத்தியே நின்றது. அந்த மறியல் நடந்திராவிட்டால், வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்க 706.50 கோடி ரூபாயில் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

திருமணமான பெண்களை பாக்ஸ்கான் ஆலை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியும், அதன் மீது மத்தியத் தொழிலாளர் துறை கேட்ட அறிக்கையும் நினைவிருக்கலாம். சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. தாலி இருந்தால் போன் பூட்ட வராது என்று எந்தத் தொழில்நுட்பமும் சொல்லவில்லை.

2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள், சாம்சங் ஆலைத் தொழிலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் முதன்மையானது சங்கத்துக்கு அங்கீகாரம். “இப்படிச் செய்தால் முதலீடு ஓடிவிடும்” என்று சொன்னவர்கள் நிறைய. சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. டிவியும் பிரிட்ஜும் அங்கிருந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ரோபோவும் ஏஐயும் வந்தால் இந்த வேலையும் போய்விடுமே?

எந்த வேலை என்று கேட்க வேண்டும். 2016இல் உலக வங்கி, இந்தியாவின் வேலைகளில் 69 சதவீதம் தானியங்கிமயமாகக்கூடும் என்றது. அந்த எண் இன்றுவரை மேடைதோறும் உலா வருகிறது. அது “தொழில்நுட்பப்படி முடியும்” என்ற கணக்கு. கூலி மலிவாக இருக்கும் நாட்டில் எந்திரம் வாங்குவது லாபமா என்பது வேறு கணக்கு. மாதம் 17,000 ரூபாய் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடைக்கும்போது முதலாளி ரோபோவுக்கு அவசரப்பட மாட்டார்.

பாக்ஸ்கானின் டெரி கோ 2011இல், மூன்றாண்டில் பத்து லட்சம் ரோபோக்களை இறக்கப் போவதாகச் சொன்னார். நடக்கவில்லை. சர்க்யூட் அட்டையில் சில்லுகளை வைப்பது எப்போதோ எந்திரத்தின் வேலையாகிவிட்டது. ஆனால் கடைசியில் சின்னத் திருகு போட்டு, நாடா போன்ற கம்பியைச் செருகி, கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பது இன்னும் மனிதக் கைதான். ஆண்டுக்கு ஒருமுறை மாடல் மாறும். மனிதருக்குச் சில நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம், ரோபோவுக்கு லைனையே பிரித்துக் கட்ட வேண்டும்.

எனக்குக் கவலை தருவது ஆலை லைன் அல்ல, ஐடி கம்பெனிகள் நிறைந்த சென்னையின் ஓ.எம்.ஆர். சாலை. ஒரே மாதிரி நிரல் எழுதுவது, சோதிப்பது, வாடிக்கையாளர் கேள்விக்குப் பதில் தட்டுவது போன்றவற்றில் ஏஐ கை வைக்கிறது. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது பாதிப்பு பெரும்பாலும் நடுத்தர, மேல்நிலை ஊழியர்களுக்கு என்றது. அதைவிடச் சத்தமில்லாமல் நடப்பது, கல்லூரி வளாகத்துக்கு வந்து கூட்டம் கூட்டமாக ஆள் எடுத்தது மெலிந்துபோவது. பன்னாட்டுத் திறன் மையங்கள் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. 2024 கணக்குப்படி நாடு முழுவதும் அவற்றில் 19 லட்சம் பேர். ஆனால் அவை கேட்பது தேர்ந்த ஆளை. மாவட்டக் கல்லூரியில் படித்து, பாடத்தை மனப்பாடம் செய்து பாஸான பிள்ளையை முன்பு ஐடி கம்பெனிகள் எடுத்துப் பயிற்சி கொடுத்தன. அந்தப் பொறுமை இப்போது யாரிடமும் இல்லை.

செயலி வேலை? டெலிவரிப் பையன்களும் வெளிநாட்டு முதலீட்டில் வந்த வேலைதானே?

ஆமாம். 2018இல் வால்மார்ட் 16 பில்லியன் டாலர் கொடுத்து பிளிப்கார்ட்டில் 77 சதவீதம் வாங்கியது. ஸ்விக்கியில் நெதர்லாந்தின் புரோசஸ் பெரிய முதலீட்டாளர். 2020-21இல் நாட்டில் 77 லட்சம் பேர் இப்படிப்பட்ட வேலையில் இருந்ததாக நிதி ஆயோக் மதிப்பிட்டது; 2029-30இல் 2.35 கோடி ஆகும் என்றும் கணித்தது. பைக் சொந்தம், பெட்ரோல் சொந்தம், விபத்தும் சொந்தம். கம்பெனிக்கு அவர் தொழிலாளி அல்ல, “பங்குதாரர்”. இவர்களுக்கென்று தமிழக அரசு 2023 இறுதியில் நலவாரியம் அமைத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது. தீபாவளி ராத்திரி மழையில் வந்து பிரியாணி கொடுத்தவருக்கு அது எப்போது போய்ச் சேரும் என்பதைப் பார்க்க வேண்டும்.

என் மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். போன் கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் பஸ் ஏற்றுவதற்கு முன் சில தாள்களைப் பாருங்கள். வேலைக்கான கடிதம் யார் பெயரில் இருக்கிறது? கம்பெனி பெயரிலா, இடையில் உள்ள ஏஜென்சி பெயரிலா? “அப்ரெண்டிஸ்” என்று எழுதியிருந்தால் அது பயிற்சி, உதவித்தொகைதான், சம்பளமில்லை, முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயமும் இல்லை. “குறித்த கால வேலை” என்று எழுதியிருந்தால், மேலே சொன்ன புதிய சட்டத் தொகுப்பின்படி ஓராண்டு முடித்தாலே பணிக்கொடைக்கு உரிமை உண்டு. முன்பு போல ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

விடுதி என்றால் அறைக்கு எத்தனை பேர், சாப்பாடு யார் பொறுப்பு, ஞாயிற்றுக்கிழமை வெளியே விடுவார்களா என்று அங்கே ஏற்கெனவே இருக்கும் பெண்ணிடமே போனில் கேளுங்கள். ஏஜென்ட் சொல்வதை நம்ப வேண்டாம். வேலைக்குச் சேர யாராவது பணம் கேட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

படிப்பை விடச் சொல்லாதீர்கள். டிப்ளமோ முடித்தவரை லைனில் நிறுத்துவதற்கும், லைனைப் பழுது பார்க்க அனுப்புவதற்கும் சம்பளத்தில் இருக்கிற வித்தியாசம், ஷிப்ட் அலவன்ஸால் ஈடாகாது. தபால் வழியிலோ மாலை வகுப்பிலோ ஏதாவது ஒன்றைப் படிக்க முடியுமா என்று முதல் மாதமே விசாரியுங்கள்.

சம்பளச் சீட்டில் 12 சதவீதம் பிஎஃப் பிடித்திருந்தால், அதே அளவு கம்பெனியும் போட்டிருக்க வேண்டும். பணம் உண்மையிலேயே கட்டப்பட்டதா என்பது அவளுடைய யுஏஎன் எண்ணைப் போட்டு செயலியில் பார்த்தால் தெரிந்துவிடும். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ அட்டை வந்திருக்க வேண்டும். காய்ச்சல் வருவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்கி, அதில் அம்மா அப்பா பெயர் சேர்ந்திருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.